தேமல் என்று சொன்னேன்

எங்கள் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் சங்கத்து மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நான்கு தரம் தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, ஊர் வாயில் சொன்னால் பி.எச்.ஐ. ஐயாவாக, முப்பது வருடத்துக்கு மேல் திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் ஓடியவன் நான். எழுத விசயமா இல்லை? சாப்பாட்டுக் கடைக்காரர் என்னைக் கண்டதும் பூனையை மாப் பீப்பாவுக்குள் ஒளித்த கதை இருக்கிறது. நுளம்புக் குடம்பிப் புழு தேடிப் போய் நானே கிணற்றில் விழுந்த கதை இருக்கிறது. அவற்றை எழுதத்தான் கொப்பி வாங்கினேன். அதற்குள் என் இடது கையில் ஒரு திட்டு வந்துவிட்டது.

லிங்கநகர் வீட்டில் ஒரு காலை, கிணற்றடியில் குளித்துவிட்டுத் துவாயால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கமலா உடுப்புக் காயப்போட வந்தவள், முழங்கைக்கு மேலே பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இதென்னப்பா வெளிறிப்போய்க் கிடக்கு?"

"தேமல்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. அவள் "வெயிலுக்க திரிஞ்சா வேற என்ன வரும்" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே ஈரத்தோடு நின்றேன். ஏனென்றால் அந்தச் சொல்லை இதே மாதிரி, இதே வேகத்தில், வேறொரு மனிதருக்கு நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் அவருடைய இரண்டு விரல்கள் முடங்கிப்போயின.

நான் இயல்பிலேயே பயந்தவன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தெற்கே ஒரு விடுதியில் தங்கி, தண்ணீர், மலகூடம், இறைச்சி, தடுப்பூசி என்று படித்தோம். தொழுநோய்க்கு ஒரு பிற்பகல் ஒதுக்கினார்கள். அன்று எனக்குக் காய்ச்சல். பிறகு சக மாணவனின் கொப்பியைப் பார்த்து எழுதினேன். அதில் "தொழுநோய் = குட்டம்" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியோடுதான் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். கப்பல்துறையில் ஒரு பேக்கரி. அங்கே பாண் மா பிசைகிற சிவலிங்கம் என்பவரின் முழங்கையில் தடித்த திட்டுகள் இருந்ததைக் கண்டேன். வைத்தியம் பார்த்தீரா என்று கேட்டதற்கு, சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்துத் தந்தார். நாட்டு வைத்தியர் ஒருவர் எழுதிய துண்டு. "குட்டம். எண்ணெய் பூசவும். கருவாடு தவிர்க்கவும்" என்றிருந்தது.

என் கொப்பி வரி கண்முன்னால் வந்து நின்றது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இண்டையிலிருந்து நீர் மாவில கை வைக்கக் கூடாது. உமக்குக் குட்டம்."

பத்து நிமிடம் போதுமாக இருந்தது. முன்கடையில் பாண் வாங்கியவர்கள் அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். சிவலிங்கம் மா ஒட்டிய கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அந்தக் கைகள் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

மறுநாள் அவரைத் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அப்போது அங்கே இருந்த நிபுணரை நாங்கள் எல்லோரும் டொக்டர் அம்மா என்போம். மெலிந்த உருவம், வெள்ளைப் பருத்திச் சேலை. நோயாளி கதிரையில் அமரும்வரை அவரும் அமரமாட்டார். கையுறை போடாமல் முதலில் ஒருமுறை நோயாளியின் கையைப் பிடிப்பார். "என்ன கை இவ்வளவு குளிருது, பயமோ?" என்று கேட்பார். மின்விளக்கில் தோலைப் பார்க்கமாட்டார். யன்னலோரம் கூட்டிப்போய், சேட்டைக் கழற்றச் சொல்லி, பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார். எங்களைத் திட்டும்போது குரலைக் குறைப்பார். அதுதான் எங்களுக்குப் பயம். சத்தம் போட்டால் தாங்கிவிடலாம்.

சிவலிங்கத்தின் முழங்கைக்குக் கீழே ஒரு கறுப்புக் கடதாசியைப் பிடித்தார். கண்ணாடித் தகட்டின் விளிம்பால் மெல்லச் சுரண்டினார். வெள்ளி மாதிரிச் செதில்கள் கடதாசியில் கொட்டின. பிறகு பஞ்சைத் திரித்து ஊசிமுனை போலாக்கி, சிவலிங்கத்தைக் கண்ணை மூடச் சொல்லி, திட்டுகளில் ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒரு தொடுகையைக்கூடச் சிவலிங்கம் தவறவிடவில்லை. எல்லா இடத்தையும் விரலால் சரியாகக் காட்டினார்.

"தொழுநோயெண்டா திட்டில தொட்டது தெரியாது. இது சொரியாசிஸ். ஆருக்கும் தொத்தாது" என்றார் டொக்டர் அம்மா. என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "தம்பி, குட்டம் எண்டா என்ன?"

"தொழுநோய், டொக்டர்."

"உங்கட கொப்பியில. அந்த வைத்தியரின்ர ஏட்டில குட்டம் பதினெட்டு வகை. படையும் குட்டம், கரப்பானும் குட்டம், இதுவும் குட்டம். அவர் பிழையா எழுதயில்ல. நீங்கள்தான் பிழையா வாசிச்சனீங்கள்."

பிறகு அவர் ஒரு கதை சொன்னார். கிரேக்கர் செதில் உதிர்கிற தோல் வருத்தங்களுக்கு 'லெப்ரா' என்று பெயர் வைத்திருந்தார்களாம். மீன் செதிலோடு சொந்தமுள்ள சொல். அவர்கள் 'லெப்ரா' என்றது பெரும்பாலும் சிவலிங்கத்துக்கு இருப்பதுபோன்ற வருத்தத்தையே. காலம் போகப் போக, ஒரு பாஷையிலிருந்து இன்னொன்றுக்குப் புத்தகங்களை மாற்றியவர்கள் அந்தச் சொல்லைத் தூக்கி, விரல் மடங்குகிற வேறொரு நோயில், நாங்கள் தொழுநோய் என்கிறதில், ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வெறும் செதில் உதிர்ந்தவர்களையும் ஊருக்கு வெளியே விரட்டினார்கள்.

"ஒரு சொல்லை இடம் மாத்தி ஒட்டினதால எத்தினை சனம் அழிஞ்சிருக்கும் எண்டு யோசியுங்கோ" என்றார். "நீங்கள் நேற்று கப்பல்துறையில செய்ததும் அதுதான்."

சிவலிங்கம்தான் பேசினார். "சொரியாசிஸ் எண்டா எங்கட சொறி தானே அம்மா?"

டொக்டர் அம்மா சிரித்துவிட்டார். "சத்தம் ஒத்துப்போகுது, சொந்தம் இல்லை. ஆனா பாருங்கோ, அந்தச் சொல்லுக்கும் கடி, அரிப்பு எண்டுதான் அர்த்தம்." அவர் கதிரையை விட்டு எழும்பும்போது என்னிடம் இன்னொன்றும் சொன்னார். "தொழுநோயாவே இருந்தாலும், மருந்து தொடங்கினாப் பிறகு அந்த மனுசன் வேலை செய்யலாம். அதையும் உங்கட கொப்பியில எழுதுங்கோ."

டொக்டர் அம்மா எழுதித் தந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு கப்பல்துறையில் வீடு வீடாகப் போனேன். "சிவலிங்கத்துக்கு அந்த நோய் இல்லை" என்றேன். ஒரு அம்மா படலையில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இல்லாத நோயை இல்லையெண்டு சொல்ல பி.எச்.ஐ. ஏன் அலையுறார்?" என்று உள்ளே யாரிடமோ கேட்டார். நான் எவ்வளவுக்கு இல்லை என்றேனோ, அவ்வளவுக்கு அது பரவியது. இரண்டு மாதத்தில் சிவலிங்கம் வவுனியாவில் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

அன்றிலிருந்து தொழுநோய் என்ற சொல் என் நாக்கில் வர மறுத்தது. 'தோல் வருத்தம்' என்பேன், 'நிறமாற்றம்' என்பேன். தேமல் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. என்ன வடிவான சொல் அது! பழைய பாட்டுகளில் பெண்ணின் மேனியில் தேமல் இருந்தால் அது அழகு. யாரும் அதைக் கேட்டு ஒதுங்கமாட்டார்கள். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

பல வருடங்கள் கழித்து இறக்கக்கண்டிக்குக் கிணறுகளுக்குக் குளோரின் போடப் போயிருந்தேன். நஸீர் என்ற கடற்றொழிலாளியின் வீட்டு முற்றம். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், ஆகவே அண்ணன் முறையில் நஸீர் நானா. உள்ளே மகளைப் பெண்பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். பிளேன்ரீக் கோப்பைகள் சத்தம் கேட்டது. நஸீர் நானா வாசலுக்கு வந்தவர், சேட்டுக் கையை மெல்ல உயர்த்திக் காட்டினார். முன்கையில் வெளிறிய திட்டு. உள்ளங்கை அகலம். விளிம்பு தெளிவாக இருந்தது. நடுவில் ரோமம் இல்லை.

"இது தேமல்தானே ஐயா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

என் தோள்பையில் பஞ்சு இருந்தது. எடுத்துத் திரித்துத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் யன்னலில் நான்கு முகங்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. கப்பல்துறையின் அந்த மாக் கைகள் எனக்கு ஞாபகம் வந்தன.

"ஓம் நானா, தேமல்தான்" என்றேன். பூசுவதற்கு ஒரு களிம்பின் பெயரை எழுதிக் கொடுத்தேன். 'ஒருக்காக் கிளினிக்குக்கு வாங்கோ' என்றுகூடச் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

மகளின் கலியாணம் நடந்தது. எனக்கும் சொன்னார்கள், போய்ப் புரியாணி சாப்பிட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து நஸீர் நானா என் கந்தோருக்கு வந்தார். கையைத் துணியால் சுற்றியிருந்தார். தூண்டில் முள் சின்னவிரலுக்குள் ஏறி மறுபக்கம் வந்திருந்தது. கரைக்கு வந்து கை கழுவும்போது இரத்தத்தைக் கண்டுதான் தனக்குத் தெரிந்தது என்றார். "நோகல்ல ஐயா. அதுதான் பயமா இரிக்கி" என்றார். துணியை அவிழ்த்தேன். சின்னவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கியிருந்தன. நான் பிடித்து நிமிர்த்தினேன், விட்டதும் திரும்ப மடங்கின.

அன்றே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் அம்மா அவருடைய முழங்கையின் உட்பக்கத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. பஞ்சால் தொட்டார். நஸீர் நானா கண்ணை மூடியபடி காத்திருந்தார். டொக்டர் அம்மா தொட்டார், திரும்பவும் தொட்டார். நஸீர் நானா இன்னும் காத்துக்கொண்டேயிருந்தார்.

"இதுக்கு முதல் ஆருக்காவது காட்டினீங்களோ?" என்று டொக்டர் அம்மா கேட்டார்.

நஸீர் நானா என்னைப் பார்த்தார். பிறகு, "இல்ல டொக்டர்" என்றார்.

நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் அம்மா திட்டவில்லை. பேனையை மூடி மேசையில் வைத்தார். "அண்டைக்கு இல்லாத நோயைச் சொன்னீங்கள். பேந்து இருக்கிற நோயை மறைச்சீங்கள். ரெண்டு தரமும் உங்கட பயத்துக்குத்தான் மருந்து செய்தனீங்கள்" என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

பன்னிரண்டு மாதம் குளிசை. ஒவ்வொரு மாதமும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய மனைவி அதை வாங்கி அரிசிப் பெட்டிக்குள் புதைத்து வைப்பார். மருமகன் வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று. நோய் சுகமாகிவிட்டது, விரல்கள் நிமிரவில்லை. கடலுக்குப் போவதை விட்டு, பாலத்தடியில் மீன் வெட்டி விற்க உட்கார்ந்தார். நான் ஓய்வுபெற்ற பிறகும் அவரிடம்தான் மீன் வாங்குகிறேன். ஒருநாளும் அவர் என்னைக் குறையாக ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

இப்போது விளங்கும், கிணற்றடியில் நான் ஏன் அப்படி ஈரத்தோடு நின்றேன் என்று.

உடனே கிளினிக்குக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முப்பது வருடம் மற்றவர்களுக்கு அதைச் சொன்னவன் நான். எனக்கு ஏலவில்லை. முதலில் நானே சோதித்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். பஞ்சைத் திரித்தேன், கண்ணை மூடினேன், தொட்டேன். தொட்டது தெரிந்தது. ஆனால் எது தெரிந்தது? தொடுகிற கைக்குத்தான் தான் எங்கே தொடுகிறேன் என்று தெரியுமே! இந்தச் சோதனையைத் தனக்குத் தானே செய்ய ஏலாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிறகு அறைக் கதவின் பிடியில் பஞ்சைக் கட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக நடந்து பார்த்தேன். கமலா கதவைத் திறந்துவிட்டாள்.

"என்னப்பா, மாடு மாதிரிக் கதவில உரஞ்சுறியள்?"

"கடிக்குது" என்றேன். இன்னொரு பொய்.

இரண்டு கிழமை இப்படிப் போனது. பேரப்பிள்ளை மடியில் ஏற வந்தால், ஏதோ வேலை இருப்பதுபோல எழும்பிவிடுவேன். நீளக்கைச் சேட்டாகத் தேடித் தேடிப் போட்டேன். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பஞ்சு.

ஒரு சனிக்கிழமை காலை மீன் வாங்க இறக்கக்கண்டிக்குப் போனேன். நல்ல வெயில். பாலத்தடியில் வியர்த்துக் கொட்டியது, நினைவில்லாமல் சேட்டுக் கையைத் தோள்வரை மடித்துவிட்டேன். நஸீர் நானா பாரை மீனுக்குச் செதில் வழித்துக்கொண்டிருந்தார். மீனுக்குப் பையைக் கொடுக்கக் கையை நீட்டினேன். அவருடைய கத்தி நின்றது.

"கையில என்ன ஐயா?"

"தேமல், நானா" என்றேன். மூன்றாவது தரம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "நானும் அப்பிடித்தான் கேட்டன். நீங்களும் இப்பிடித்தான் சொன்னீங்க" என்றார். கத்தியை வைத்துவிட்டு எழும்பினார். "பஞ்சு இரிக்கா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த மீன் வாடிக் கொட்டிலுக்குள் கூட்டிப்போனார். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, துணியால் துடைத்து, பிறகும் சேட்டில் துடைத்தார். "ஈரம் இருந்தாக் குளிர் தெரிஞ்சிரும். டொக்டரம்மா சொன்னவங்க" என்றார். மடங்கிய இரண்டு விரல்களும் உள்ளங்கைக்குள் கிடக்க, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பஞ்சை முனையாகத் திரித்தார். எத்தனை தரம் தனக்குச் செய்ததைப் பார்த்திருப்பார்! நான் மீன்பெட்டிக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்தேன்.

"முதல்ல கண்ணத் திறந்து பாருங்க." மணிக்கட்டில் தொட்டார். "தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப மூடுங்க. தொட்ட இடத்த விரலால காட்டுங்க."

மூடினேன். முன்கையில் தொட்டார், காட்டினேன். தோளில் தொட்டார், காட்டினேன். வெளியே யாரோ பாரை என்ன விலை என்று கேட்டார்கள். ஒரு படகு எஞ்சின் சத்தம் வந்து, தூரமாகிப் போனது. நான் விரலைத் தயாராக நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். பொறுமை போய்விட்டது.

"நானா, தொடுங்கோவன்."



"நாலு தரம் தொட்டுட்டன் ஐயா."

கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. மூடியபடியே அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அறுபத்தைந்து வயதில் மீன் வாடிக்குள் இருந்து விம்மி அழுதேன். என் கைக்காக மட்டும் இல்லை.

"நானா, அண்டைக்கு என்ர பையில பஞ்சு இருந்தது" என்றேன். இத்தனை வருடமாக அவரிடம் சொல்லாததை.

"தெரியும். பை திறந்துதானே இரிந்திச்சி, நான் பாத்தன்" என்றார். "எடுத்திருவீங்களோ எண்டு நடுங்கிக்கிட்டு நிண்டன். நீங்க எடுக்கல்ல. தேமல் எண்டு சொன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு தெரியுமா? ஓடிப்போய் மாப்பிள்ள வீட்டாக்களுக்கு நானே இன்னொரு பிளேன்ரீ ஊத்தினன்." என் சேட்டுக் கையை அவரே இறக்கிவிட்டார். "அதுதான் சொல்றன். எனக்கு வந்த சந்தோசம் உங்களுக்கு வரவேணாம். போய் வீட்டுல சொல்லுங்க."

மீனைக் குசினியில் வைத்துவிட்டுக் கமலாவைக் கூப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். "இது தேமல் இல்லை. தொழுநோயாத்தான் இருக்கவேணும்" என்றேன்.

"உந்த ஒரு சொல்லைச் சொல்லவோ ரெண்டு கிழமை கதவில உரஞ்சினியள்?" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் நல்ல கோபம். "நாளண்டைக்குத் திங்கள். நானும் வாறன்."

கிளினிக்கில் நல்ல கூட்டம். பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பதிவு மேசையில் இருந்த தாதி மிஸ்ஸி, "என்ன ஐயா, சும்மா வந்தனீங்களோ? என்ன வருத்தம் எண்டு போடுறது?" என்று கேட்டார்.

"தொழுநோய் சந்தேகம் எண்டு எழுதுங்கோ பிள்ளை" என்றேன். கப்பல்துறையில் எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, அவ்வளவு சத்தமாக. அது என் பெயருக்கு நேரே எழுதப்பட்டது. வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு முழம் தள்ளி இருந்தார். கமலா தன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த ஒரு முழத்துக்குள் இருந்துகொண்டாள்.

இப்போதைய டொக்டர் இளம் ஆள். அவரும் யன்னலோரம்தான் கூட்டிப்போனார். ஒரே ஒரு திட்டு, நரம்பு தடிக்கவில்லை, ஆறு மாதக் குளிசை போதும் என்றார். முதல் குளிசையை அவருக்கு முன்னாலேயே விழுங்கினேன். வீட்டில் அந்த அட்டையை எங்கே வைப்பது என்று நான் அலுமாரியைத் திறந்து தேடிக்கொண்டிருக்க, கமலா அதைப் பறித்துச் சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில், பெயர் தெரியும்படி நிறுத்தி வைத்தாள். பேரப்பிள்ளை மடியில் ஏறியிருந்துகொண்டு அதை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பார்க்கிறது.

இதுதான் நான் அனுப்புகிற கட்டுரை. பூனைக் கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள். மலர்க் குழுவினரிடம் ஒன்றே ஒன்று. என்மேல் உள்ள மரியாதையில், ஐயாவின் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்து, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ஒருவகைத் தோல் வருத்தம்' என்று போட்டுவிடாதீர்கள். நான் எழுதியது தொழுநோய். அப்படியே அச்சடியுங்கள்.